உறவினர் ரத்தமா, ஊரார் ரத்தமா?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு ரத்தம் வேண்டும் என்றதும் அண்ணனும் தம்பியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே! ஆனால் இந்த ஓர் இடத்தில் முன்பின் தெரியாதவரின் ரத்தமே மேல் என்பேன்.

காரணம், திசுப் பொருத்தம். நெருங்கிய உறவினரின் வெள்ளை அணுக்களை நோயாளியின் உடல் அயலாக உணராமல் விட்டுவிடலாம். அவையோ உள்ளே பெருகி, தோல், குடல், கல்லீரல், மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். இந்தப் பாதிப்பு அரிதாகத்தான் வரும், வந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நாளை மஜ்ஜை தரப்போகும் தங்கையின் ரத்தத்தை இன்றே ஏற்றினால், உடல் அதற்கு எதிர்ப்பைப் பழகிக்கொண்டு, பின்னர் அவள் மஜ்ஜையையே நிராகரிக்கக்கூடும்.

ஊரார் ரத்தத்தையும் அப்படியே ஏற்றிவிட முடியாது. 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, வெள்ளை அணுக்களின் பெருகும் திறனை முடக்கியிருக்க வேண்டும். வெள்ளை அணுக்களை வடிகட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. வடிகட்டுவது, ரத்தம் ஏற்றும்போது வரும் காய்ச்சலைக் குறைக்கும். இந்த ஆபத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. உறவினர் ரத்தம்தான் கதி என்றாலும் கதிர்வீச்சு கட்டாயம்.

வந்து நிற்கும் அண்ணன் தம்பிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. வேறு நோயாளிகளுக்காக ரத்த வங்கியில் கொடுக்கட்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பொதுவாக 5 நாள்தான் வைத்திருக்க முடியும். அங்கே கையிருப்பு அடிக்கடி இழுபறிதான்.