மெல்தெமியில் மூன்று கோடை: நங்கூரம் தங்கம், சங்கிலிக் குழி சனியன்

தலையில் வளையத் தண்டு வைத்த அந்த 20 கிலோ நங்கூரம் விலை இறங்கியிருக்கிறது, கிரேக்கத் தீவுகளுக்கு வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அதற்கான பதில்தான் இது, கொஞ்சம் நீண்டுவிட்டது. என் படகு 11 மீட்டர், சங்கிலி 8 மிமீ, 60 மீட்டர், அதை ஏற்றி இறக்கும் மோட்டாரான வின்ட்லாஸ் 1000 வாட். மூன்று கோடையும் கிரேக்கத்தின் கிக்ளாடிஸ் தீவுகளில் ஓடியது.

நங்கூரத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. சுத்தமான மணலில் விழுந்தால் ஒரு படகு நீளம் போவதற்குள் மூக்கைப் புதைத்துக்கொள்கிறது. முகமூடி போட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால் வளையத்தின் உச்சி மட்டும்தான் தெரியும். எரிச்சலெல்லாம் அதற்கு மேலே இருப்பதில்.

முதலில் காற்று. மெல்தெமி என்பது கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஈஜியன் கடலின் கோடைக் காற்று: திசையால் வாடை, காலத்தால் ஆடிக் காற்று. சும்மா ஒப்புமைக்குச் சொல்லவில்லை. நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கிற அதே ஆசியக் கோடைத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால் துருக்கி வரை நீள்கிறது. பால்கன் பக்கம் உயர் அழுத்தம் உட்கார்ந்தால், இரண்டுக்கும் நடுவே ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து காற்று பாய்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சம். காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 5, 6 சாதாரணம், 7 வந்தால் யாரும் வியக்க மாட்டார்கள், 8-ம் உண்டு. மேகம் இருக்காது, பாரோமீட்டர் இறங்காது. பளிச்சென்ற நீல வானத்தின் கீழே அம்மி பறக்கும். தொடங்கினால் நாள்கணக்கில் நிற்காது.

வடக்கிலிருந்து காற்று என்றால் தீவின் தெற்கே போய் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பாதிதான் சரி. தீவு எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. செரிஃபோஸை எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கில் லிவாதி விரிகுடா, அகலமாக, பார்க்க அருமையாக இருக்கும். தீவின் மலை ஏறத்தாழ 580 மீட்டர். அதன் முதுகில் ஏறிய காற்று இந்தப் பக்கம் சரிந்து இறங்கும்போது வேகம் பிடிக்கிறது. வெளியே திறந்த கடலில் 25 நாட் (மணிக்கு சுமார் 46 கிமீ) என்றால் விரிகுடாவுக்குள் ஒரு நிமிடம் 10, அடுத்த நிமிடம் 35 அல்லது 40. அமோர்கோஸின் தெற்குக் கரை இதைவிட மோசம், அங்கே மலை செங்குத்தாகவே கடலில் இறங்குகிறது.

முன்னறிவிப்புச் செயலியில் இது தெரியாது. இலவசச் செயலிகள் பலவும் காட்டும் அமெரிக்க மாடலின் கட்டம் கால் பாகை, அதாவது சுமார் 27 கிமீ. செரிஃபோஸின் அகலம் சுமார் 10 கிமீதான். அந்தக் கட்டத்துக்கு மலையும் தெரியாது, விரிகுடாவும் தெரியாது.

வேகத்தைவிடத் திசைதான் நங்கூரத்துக்கு எமன். மலையடியில் அடிக்கும் வீச்சு ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம். படகு 60, 70 பாகை ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்தின் முனையிலும் சங்கிலி வெடுக்கென்று இழுக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு என்பதை மறக்கக் கூடாது: 20 நாட்டில் சும்மா தொங்கும் சங்கிலி 40 நாட்டில் கம்பிபோல விறைத்துவிடும்.

அதனால்தான் தட்டையான தீவுகள். மூன்று கோடையில் மனதுக்குப் பிடித்துப்போனது ரினியாவின் தெற்கு விரிகுடா. டீலோஸ் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இரவு தங்க அனுமதி கிடையாது, இங்கே தங்கலாம். ரினியாவின் குன்றுகள் தாழ்வு. காற்று மேலே ஏறிச் சரிவதற்கு இடமே இல்லை. வேகம் குறையாது, பாய்க்கயிறுகள் இரவெல்லாம் ஊளையிடும். ஆனால் அலை எழாது, காற்று ஒரே திசையில் சீராக வரும், படகு அசையாமல் நிற்கும். சீரான 30 நாட்டில் தூங்க முடியும், 10-க்கும் 40-க்கும் இடையே தாவும் காற்றில் முடியாது. பாரோஸில் நவூசா விரிகுடா இன்னொரு வகை. வரைபடத்தில் வாய் வடக்கே திறந்து கிடக்கும், பார்த்தவுடனே ஒதுக்கத் தோன்றும். அதன் வடமேற்கு மூலையில் அயியோஸ் யோனிஸ் என்கிற சிறு குடாவுக்குள் நுழைந்தால் மெல்தெமிக்கு நல்ல மறைவு. சந்தோரினியின் எரிமலைக் குழியைப் பற்றிப் பேசவே வேண்டாம், நங்கூரம் தரை தொடாத ஆழம்.

மலைத்தீவில்தான் தங்கியாக வேண்டுமென்றால், கரையிலுள்ள பள்ளத்தாக்கின் வாய்க்கு நேரே நிற்காதீர்கள். இரண்டு குன்றுக்கு நடுவிலுள்ள தாழ்வான இடம்தான் காற்றின் குழாய். நுழைந்ததும் கால் மணி நேரம் சுற்றி, தண்ணீரில் கறுப்பாக ஓடிவரும் திட்டுகள் எங்கே கிளம்புகின்றன என்று பாருங்கள். பக்கவாட்டில் 200 மீட்டர் தள்ளினாலே இரவு வேறு மாதிரி இருக்கும். தெற்கு விரிகுடாவுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. நங்கூரம் பிடி விட்டாலும் படகு பாறைக்குப் போகாது, திறந்த கடலுக்குப் போகும்.

இனி தரை. வெளிர் பச்சை நிறம் மணல், கறுப்பு பொசிடோனியா கடற்புல். நண்பகலை ஒட்டி வெயில் உச்சியில் இருக்கும்போது, போலராய்டு கண்ணாடி போட்டால் எல்லை கத்தரித்ததுபோலத் தெரியும். மாலை 6 மணிக்கு வந்து சேர்ந்தால் எல்லாமே கறுப்பு. புல்லின் மேல் போடக் கூடாது. ஐரோப்பியச் சட்டம் பாதுகாக்கும் செடி அது என்பது ஒன்று. இரண்டாவது, வளையத் தண்டு நங்கூரத்தின் ஒரே பலவீனம் அங்கேதான். புல்லின் வேர்மெத்தை அலகுக்கும் வளையத்துக்கும் நடுவே திணிந்து பூசணிக்காய் அளவுக்கு உருண்டையாகிவிடும். அப்புறம் அது நங்கூரம் இல்லை, சங்கிலி நுனியில் கட்டிய உருண்டை. இன்னும் 10 மீட்டர் விட்டாலும் 20 விட்டாலும் மறுபடி பிடிக்காது. சங்கிலியில் கை வைத்துப் பாருங்கள். தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் பிடிக்காமல் தரையை உழுகிறது என்று அர்த்தம். தூக்கி, துறட்டியால் சுரண்டி, புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

புதிதாகப் போடும்போதுதான் என் சனியன் வேலையைக் காட்டுகிறது.

இந்தப் படகைக் கட்டியவர்கள் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வின்ட்லாஸுக்கு நேர் கீழே ஒரு குழி வைத்திருக்கிறார்கள். அகலம் உண்டு, ஆழம் இல்லை. ஏறிவரும் சங்கிலி ஒரே புள்ளியில் விழுந்து நெல் அம்பாரம்போலக் குவிகிறது. 25 மீட்டர் ஏறியதும் குவியலின் உச்சி துளையைத் தொட்டு, சங்கிலி வின்ட்லாஸிலேயே சிக்குகிறது. அதையாவது குச்சியால் தட்டிவிடலாம். பயணத்தில் படகு ஆடும்போது அம்பாரம் சரிந்து, மேல் வளையங்கள் கீழ் வளையங்களுக்கு அடியில் போய்விடும். அடுத்த முறை நங்கூரம் விடும்போது 8 மீட்டர் விறுவிறுவென்று ஓடும், பிறகு டக். முடிச்சு துளைக்குக் கீழே இறுகிவிட்டது. ஆழம் 6 மீட்டர், நங்கூரம் தரையைத் தொட்டும் தொடாமலும் கிடக்கிறது, அணியம் காற்றில் திரும்பிவிட்டது, பக்கத்துப் படகு 30 மீட்டரில். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் குப்புறப் படுத்து அந்தக் குழிக்குள் தோள்வரை கையை விட வேண்டும்.

துத்தநாகப் பூச்சு தேய்ந்து துரு ஏற ஏற அம்பாரம் செங்குத்தாகிறது, வழுக்காததால். எவர்சில்வர் சங்கிலி வழுக்கிப் பரவும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். சாலையில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைக் குழியின் நடுவில் நிறுத்தினால் சங்கிலி நான்கு பக்கமும் பிரிந்து விழும், பாதி நோய் போகும். 15 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தட்டிவிடுவது மீதி. இறங்குமிடம் வருவதற்கு முன்பே 10 மீட்டரைக் கையால் வெளியே எடுத்துத் தளத்தில் மடித்து வைத்துவிட்டால், முதல் வீச்சாவது தடையில்லாமல் ஓடும்.

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆழம் 5 மீட்டர், அணிய உருளையின் உயரம் 1 மீட்டர், கூட்டினால் 6. விட வேண்டிய சங்கிலி இதில் ஐந்து மடங்கு என்றால் 30 மீட்டர், காற்று போஃபோர்ட் 7-ஐத் தொடுமென்றால் ஏழு மடங்கு, 42. படகு தானாகப் பின்னால் நகரட்டும், சங்கிலியைக் குவியலாகக் கொட்டாதீர்கள். சங்கிலி இறுகியதும் எஞ்சினைப் பின்னோக்கி நிமிடத்துக்கு 1000 சுற்றில் கொஞ்ச நேரம், பிறகு மெல்ல 2000 வரை ஏற்றி 30 விநாடி. கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் உழுகிறது. கடைசியாக 12 மிமீ முப்புரி நைலான் கயிறு 10 மீட்டர், கொக்கியால் சங்கிலியில் மாட்டி, சுமையை வின்ட்லாஸிலிருந்து கழற்றிவிட வேண்டும். வெடுக் இழுப்பை வாங்கிக்கொள்வது அந்தக் கயிறுதான். தூக்கும்போது எஞ்சினால் முன்னேறுங்கள், வின்ட்லாஸால் படகை இழுக்காதீர்கள். 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் குடிக்கும் மோட்டார் அது, பிரேக்கர் விழும். 10 மிமீ சங்கிலிக்கு மாறுவதென்றால் வின்ட்லாஸின் பல்சக்கரத்தையும் பாருங்கள். ஒரு தரநிலையில் வளைய நீளம் 28 மிமீ, இன்னொன்றில் 30. மாறிப்போனால் பல்லில் உட்காராமல் துள்ளும்.

ஆக, வாங்கலாமா? வாங்காதீர்கள். மூன்று கோடையில் மணலில் ஒரு முறைகூட உழாத நங்கூரத்துக்கு இப்படிச் சொல்வது அநியாயம்தான், தெரிகிறது. ஆனால் நல்ல நங்கூரம் இருந்தும் அதை இறக்க முடியவில்லை என்றால் வரும் ஆத்திரம் சாதாரண நங்கூரத்தில் வராது. தள்ளுபடி முடிவதற்குள் ஒன்று செய்யுங்கள்: சங்கிலி முழுவதையும் உள்ளே ஏற்றிவிட்டு, குவியலின் உச்சிக்கும் தளத்தின் அடிப்பக்கத்துக்கும் நடுவே ஒரு அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். 30 செமீக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பணம் குழியை ஆழமாக்கும் தச்சருக்கு.