கீழ்த்தாடை எலும்பில் மஜ்ஜைக் குழி: உடனே இம்பிளான்ட்டா, எலும்புத்தூளா, பிரிட்ஜா?

கடைவாய்ப்பல் எடுத்துச் சில வருஷம் கழித்து ஓ.பி.ஜி. (முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தால், அந்த இடத்தில் கருப்பாக ஒரு திட்டு தெரிவதுண்டு. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. சில சமயம் அது, புண் ஆறும்போது எலும்பாக இறுகாமல் மஜ்ஜையாகவே தங்கிவிட்ட இடமாக, அதாவது மஜ்ஜைக் குழியாக இருக்கும். நடுவயதுப் பெண்களின் கீழ்த்தாடைப் பின்பகுதியில்தான் அதிகம். நோய் இல்லாததால் அப்படியே விட்டுவிடலாம். இம்பிளான்ட், அதாவது எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் மாட்டுவது, வைக்கப் போனால்தான் சிக்கல், திருகு கவ்விப் பிடிக்க உள்ளே கெட்டி எலும்பு கிடையாது.

ஓ.பி.ஜி.யை மட்டும் பார்த்து "இன்னிக்கே வெச்சிடலாம்மா" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குழியின் ஆழமும், கீழே ஓடும் நரம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில்தான் சரியாகத் தெரியும். கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்கு பஸ் ஏறவேண்டி வந்தாலும் இந்தச் செலவு வீண் அல்ல. கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, இன்னொரு டாக்டரின் கருத்தை அங்கே கேட்கலாம்.

குழி சின்னது, மேல் ஓட்டு எலும்பு தடிமன் என்றால் நேரடி இம்பிளான்ட் நடக்கும். துளையைத் திருகைவிடக் குறுகலாகப் போட்டு, நீளமான திருகை இறுக்குவார்கள். நரம்புக்கு மேல் 2 மில்லிமீட்டராவது விடவேண்டும் என்பதால் நீளத்துக்கும் எல்லை உண்டு. அன்றே பல் மாட்டுவது இங்கே சரிவராது. பிடிப்பு போதாவிட்டால் திருகு குழிக்குள் இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

குழி பெரிதாக இருந்தால் நான் எலும்புத்தூள் பக்கம்தான். திறந்து சுரண்டி, தூள் நிரப்பி, 4 முதல் 6 மாதம் பொறுக்கவேண்டும். செலவும் கூடும். ஆனால் சுரண்டியது பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) போவதால், அது உண்மையிலேயே மஜ்ஜைதானா என்பது உறுதியாகிவிடும். இந்தப் பயன் மற்ற இரண்டிலும் கிடைக்காது.

பிரிட்ஜ், அதாவது இரு பக்கத்துப் பற்களை ராவி அவற்றின் மேல் பாலம்போல மாட்டும் பல், எலும்பைத் தொடுவதே இல்லை, ஓரிரு வாரத்தில் வேலை முடியும். இரு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட்டவை என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். நல்ல பற்களை அதற்காக ராவுவதற்கு எனக்கு மனம் வராது.

"எலும்பு உள்ளே அழுகியிருக்கு, சுரண்டினா முகவலி, மூட்டுவலி எல்லாம் போயிடும்" என்று சிலர் சொல்வது வேறு வியாபாரம். பொதுவான பல் மருத்துவம் அதை ஏற்கவில்லை.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறவர்கள் பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போடும் முன்பே அதைச் சொல்லிவிடவேண்டும். அந்த வகை மருந்துகளில் சில, தாடைப் புண்ணை ஆறவிடாமல் இழுத்தடிக்கும்.