பேட்டர்ன் அவுட்புட்: பழைய என்ஐ-டாக்கா, டாக்எம்எக்ஸா, பைக்கோவா?

எட்டு லைனில் பிட் வரிசையை, அதாவது பேட்டர்னை, சீரான இடைவெளியில் வெளியே தள்ள வேண்டும்: ஸ்டெப்பருக்குப் பல்ஸ், ஷட்டருக்குத் திறப்பு, ஏடிசிக்கு (அனலாகை டிஜிட்டலாக்கும் சிப்) டிரிகர். பழைய என்ஐ-டாக்கும் டாக்எம்எக்ஸும் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (என்ஐ) அட்டைகளை ஓட்டும் பழைய, புதிய டிரைவர்கள்; பைக்கோ தனியாக ஓடும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த இடைவெளியை அளப்பது யார் என்று பாருங்கள். 8255 என்ற எளிய இன்புட்-அவுட்புட் சிப் வைத்த என்ஐ-யின் பிசிஐ-டிஐஓ-96 அட்டையில் பேட்டர்னை நடத்தும் கடிகாரம் கிடையாது. எந்த டிரைவரைப் போட்டாலும் விண்டோஸ் லூப்தான், மில்லி செகண்ட் கணக்கில் ஆடும். பிசிஐ-டிஐஓ-32எச்எஸ், அதாவது 6533, இருந்தால்தான் டிரைவர் பற்றிய பேச்சுக்கே அர்த்தம் உண்டு.

பழைய என்ஐ-டாக்கில் வேலை சுருக்கம். டிக்_குரூப்_கான்ஃபிக் (DIG_Grp_Config) ஃபங்ஷனில் குரூப் 1, அளவு 1, போர்ட் 0, திசை 1 (அவுட்புட்). டிக்_பிளாக்_பிஜி_கான்ஃபிக்-இல் டைம்பேஸ் (இடைவெளியை எண்ணும் அலகு) 1 என்றால் 1 மைக்ரோ செகண்ட். இடைவெளி 10 கொடுத்தால் 100 கிலோஹெர்ட்ஸ். பிறகு டிக்_பிளாக்_அவுட். இது உடனே திரும்பிவிடும், வெளியீடு பின்னணியில் ஓடும். டிக்_பிளாக்_செக் மீதி பூஜ்யம் என்று சொல்லும்வரை பஃபரைத் தொடாதீர்கள். முடிந்ததும் டிக்_பிளாக்_கிளியர் போட்டு மூடுங்கள். 

இத்தனை எளிமையும் 32 பிட் எக்ஸ்பி மெஷின் உயிரோடு இருக்கும்வரைதான். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் மழை மாதங்களில் பிசிஐ அட்டையின் தங்க விளிம்பில் ஈரம் படிந்து அட்டையே தெரியாமல் போகலாம். அதைத் துடைத்துச் சரி செய்துவிடலாம். மதர்போர்டு போனால் கோவைக்கு இறங்கித் தேடினாலும் பிசிஐ ஸ்லாட்டோடு புதுசு கிடைப்பது அரிது.

6533-ஐ டாக்எம்எக்ஸுக்கு மாற்றுவதுதான் சரி என்பது எங்கள் முடிவு. டாஸ்க், டிஓ (டிஜிட்டல் அவுட்புட்) சேனல், சாம்பிள் கிளாக், ஆட்டோஸ்டார்ட் இல்லாமல் எழுதுதல், ஸ்டார்ட் என்று வரிசை தெளிவாக இருக்கிறது. தொடர் ஓட்டத்தில் கணினி பின்தங்கினால் என்ன ஆகும் என்பதை இரண்டு டிரைவரிலும் நீங்களேதான் சொல்லிவைக்க வேண்டும். பழையதில் டிக்_டிபி_கான்ஃபிக்-இன் ஓல்ட்டேட்டாஸ்டாப் 0 ஆக இருந்தால் பழைய பாதி பஃபரே சத்தமில்லாமல் மறுபடி போகும். டாக்எம்எக்ஸிலும் ரீஜெனரேஷன், அதாவது பழைய டேட்டாவையே மறுபடி அனுப்புவது, இயல்பாக அனுமதிக்கப்பட்டதே. அதைத் தடை செய்தால் ஓட்டம் -200290 பிழையோடு நிற்கும். நின்றுபோன மோட்டார், தவறான இடத்துக்குப் போன மோட்டாரைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு டிரைவரையும் ஒரே எக்ஸ்பியில் வைத்திருக்கலாம், ஆனால் ஒரே அட்டையை இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. அட்டை ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்னும் -50103 பிழை வந்தால் மேக்ஸில் (என்ஐ-யின் அட்டை நிர்வாக மென்பொருள்) பழைய டிரைவரை ரீசெட் செய்யுங்கள்.

அட்டை மாற்றி என்ஐ-யின் பிந்தைய எம் சீரிஸ் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: பழைய என்ஐ-டாக் அதை அறியாது. அதன் டிஜிட்டல் பக்கத்துக்குச் சொந்தக் கடிகாரமும் இல்லை, போர்ட் 0 மட்டும்தான் கடிகாரத்துக்குக் கட்டுப்படும். கவுண்டர் 0-வில் 100 கிலோஹெர்ட்ஸ் பல்ஸ் டாஸ்க் வைத்து, அதன் உள் அவுட்புட்டைக் கிளாக்காகக் கொடுங்கள். டிஓ டாஸ்க் முதலில், கவுண்டர் பிறகு. மாற்றினால் முதல் சில பல்ஸ்கள் வீணாகும்.

அட்டையே இல்லாத இடத்தில் ராஸ்பெர்ரி பை பைக்கோ. சில நூறு ரூபாய்தான். பிஐஓ-வில் (பின்களை மட்டும் இயக்கும் தனிச் சிறு இயந்திரம்) ‘அவுட் பின்ஸ், 8’ என்ற ஒரே கட்டளை, ஆட்டோபுல் 32 (32 பிட் தீர்ந்ததும் அடுத்ததைத் தானே எடுக்கும்), வலப்பக்க ஷிஃப்ட், மெமரியிலிருந்து டேட்டாவை ஊட்ட டிஎம்ஏ. அதன் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 1250 ஆல் வகுத்தால் சரியாக 100 கிலோஹெர்ட்ஸ். பின்ன வகுத்தி கொடுத்தால் ஒரு கிளாக் அளவு ஜிட்டர் (இடைவெளியில் ஆட்டம்) வரும், முழு எண்ணையே வையுங்கள். மெமரி 264 கிலோபைட், ஆக இரண்டு விநாடிப் பேட்டர்ன் உள்ளேயே அடங்கும். நீளமானதை யுஎஸ்பி வழியே ஊட்ட வேண்டும்.

எதை எடுத்தாலும் வெளியே போகும் லைன்களுக்கு ஆப்டோகப்ளர் (ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் சிப்) வைத்து மின் தனிமைப்படுத்தல் அவசியம். கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி இடி நீண்ட கேபிளைத் தேடி வரும். பிசி817 ஆப்டோகப்ளர் வேண்டாம், 10 மைக்ரோ செகண்ட் பல்ஸைக் குதறிவிடும், வேகமான 6என்137 போடுங்கள். பைக்கோவின் 3.3 வோல்ட்டுக்கு நடுவே 5 வோல்ட்டில் ஓடும் 74ஏசிடி245 பஃபர் சிப், ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்இடிக்கு 330 ஓம். 6என்137 சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதால் பின்னால் மறுபடி திருப்ப 74எச்சிடி14 இன்வெர்ட்டர். கரண்ட் போய் வரும்போது லைன்கள் மிதக்காமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ ஓம் புல்டவுன்.