சிப்பியா, டாஃப்னியாவா? குடிநீர்க் காவலுக்கு எது?

போலந்தின் வார்சாவில் விஸ்துலா ஆற்று நீரை எட்டு நன்னீர்ச் சிப்பிகள் காவல் காக்கின்றன. ரைன் ஆற்றில் டாஃப்னியாவுக்கும் இந்த வேலை உண்டு. அது இறாலுக்குத் தூரத்து உறவான, சில மில்லிமீட்டரே நீளமுள்ள தண்ணீர்த் தெள்ளு. எதை வைப்பது என்பது எந்த நஞ்சுக்குப் பயப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சிப்பியின் ஒரு ஓட்டைத் தாங்கியில் ஒட்டி, மறு ஓட்டில் சிறு காந்தம் பதிக்கிறார்கள், எதிரே ஓட்டின் இடைவெளியை அளக்கும் உணரி. நல்ல நீரில் ஓடு திறந்தே இருக்கும். நஞ்சு பட்டால் மூடிக்கொள்ளும். ஒன்றிரண்டு தானாக மூடுவது இயல்பு. நான்கு ஒருசேர மூடினால்தான் அபாயம். பிடித்து வந்ததும் சுமார் இரண்டு வாரம் பழக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு திறக்கும் என்று அளந்துகொள்ள வேண்டும். இதைத் தவிர்த்தால் பொய் அலாரம் ஓயாது. மற்றபடி ஆற்று நீரே அதற்குச் சாப்பாடு. மூன்று மாதம் கழித்து, மறுபடி பிடிபடாதபடி குறியிட்டுத் திரும்ப விட்டுவிடலாம்.

டாஃப்னியா நீந்துவதைக் கேமரா கவனிக்கும். இதை வைத்தால் நமக்கு வேலை அதிகம். பாசி வளர்த்து ஊட்ட வேண்டும். ஒரு நாள் வயதுக்கு உட்பட்ட குஞ்சுகளை விட்டு, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். வளர்ந்து குட்டி போட்டால் கேமராவின் கணக்கு குழம்பிவிடும். குளிர்ந்த ஆற்று நீர் சூடாகும்போது குமிழ் கிளம்பும். அது ஓட்டுக்குள் சிக்கினால் பூச்சி மேலே மிதக்கும், கருவி அதை நஞ்சு என்று படித்துவிடும். அதனால் நீரை முதலில் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, காற்றைப் பிரித்துவிட்டே தொட்டிக்குள் விட வேண்டும்.

இத்தனை பாடும் பூச்சிக்கொல்லிக்காகத்தான். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் ரசாயன நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது, தீயணைப்பு நீரோடு ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் ரைனில் கலந்து விலாங்கு மீன்கள் ஏராளமாகச் செத்தன. இவ்வகை மருந்து நரம்பைத் தாக்குவதால், லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவிலேயே டாஃப்னியாவின் நீச்சல் தடுமாறும். சிப்பி அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்காது. ஆற்றின் மேல்பகுதியில் வயல்கள் இருந்தால் டாஃப்னியா; ஆலைக் கழிவும் உலோகமும்தான் பயம், ஆளும் குறைவு என்றால் சிப்பி.

இரண்டுக்கும் குளோரின் ஆகாது. குளோரின் சேர்க்கும் முன்பே நீரை எடுங்கள். முடியாவிட்டால், அதை முறிக்க 1 மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் படிக சோடியம் தயோசல்பேட் போதும். இந்தத் தயோசல்பேட்டைச் செலுத்தும் பம்பு நின்றால் டாஃப்னியா மொத்தமும் செத்துக் கிடக்கும்.

கோலிஃபார்ம் பாக்டீரியா, ஃபுளோரைடு, குறைந்த அளவு ஆர்சனிக் எதையும் இவை காட்டாது, அவற்றுக்கு ஆய்வகம்தான். எதை வைத்தாலும், அலாரம் அடித்த நொடியே நீர் மாதிரி எடுக்கும் தானியங்கியை அதோடு இணைத்துவிடுங்கள். ஆள் வந்து பாட்டிலைத் திறப்பதற்குள் நஞ்சு கடந்து போயிருக்கும்.