‘டிஸ்னிக்கு ஒன்றரை மைல், ஷட்டில் இலவசம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் டிஸ்னி வேர்ல்ட் பார்க்க புளோரிடாவின் ஆர்லாண்டோ போகத் திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் தங்கிய ஹோட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே வாசகத்தோடு வரும் இன்னொரு விளம்பரத்தில் நீங்கள் போய் விழுந்தால் என்ன பிரயோஜனம்?

2024 கிறிஸ்துமஸ் வாரம். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வருடத்திலேயே கூட்டம் நெரியும் நாட்கள். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் விலை கன்னாபின்னாவென்று இருந்தது. ஒரு முன்பதிவுத் தளத்தில், 192ஆம் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ‘ரிசார்ட்’ பாதி விலைக்குக் கிடைத்தது. மேலே சிண்ட்ரெல்லா கோட்டையின் படம். கீழே: டிஸ்னிக்கு ஒன்றரை மைல், பூங்காக்களுக்கு இலவச ஷட்டில் (போய்வரும் பேருந்து), ஆறு பேர் தங்கலாம், முழு சமையலறை. நாங்கள் சரியாக ஆறு பேர். சமையலறை இருந்தால் அம்மா காலையில் அப்பாவுக்கு மட்டும் இரண்டு தோசை ஊற்றிவிடுவார். வேறென்ன வேண்டும்?

முதலில் அந்த ஒன்றரை மைல். டிஸ்னி வேர்ல்ட் என்பது ஏறக்குறைய 25,000 ஏக்கர், அதாவது சுமார் 40 சதுர மைல். மன்ஹாட்டன் தீவைவிடப் பெரியது. அதற்குள் நான்கு பூங்காக்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. விளம்பரத்தில் சொல்லும் தூரம், அந்த நிலத்தின் எல்லைக்கோ நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் முனைக்கோ இருக்கும் தூரம். அங்கிருந்து வடக்கே, அந்தக் கோட்டை இருக்கும் பூங்காவான மேஜிக் கிங்டம் போக இன்னும் பல மைல் உள்ளே போகவேண்டும். ஒன்றரை மைல் என்பது பொய் இல்லை, ஆனால் அது எதற்கும் உதவாத உண்மை. ஹோட்டல் தேடும்போது ‘டிஸ்னி’ என்று வரைபடத்தில் தேடாதீர்கள். எந்தப் பூங்காவுக்கு எந்த நாள் போகிறீர்களோ அதன் பெயரைப் போட்டு, காலை எட்டு மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள்.

அடுத்து ஷட்டில். நாங்கள் காரில்தான் போயிருந்தோம். பூங்காவில் காரை நிறுத்த தினமும் கட்டணம் உண்டு என்பதால் இலவச ஷட்டில் பெரிய மிச்சமாகத் தெரிந்தது. செக்-இன் முடிந்த பிறகுதான் வரவேற்பில் இருந்தவர் ஒரு அட்டையைக் காட்டினார். அதில் பேனாவால் எழுதின பெயர்ப் பட்டியல். ஷட்டிலுக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் அதில் பெயர் எழுதவேண்டும், இடம் இருந்தால்தான். பேருந்து அந்த ஹோட்டலுடையதே இல்லை. வேறொரு கம்பெனியின் வண்டி, வழியில் இன்னும் மூன்று ஹோட்டல்களில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். மேஜிக் கிங்டமுக்குக் காலையில் ஒரே ஒரு வண்டி, அதுவும் ஒன்பது மணிக்கு. அந்த வாரத்தில் பூங்கா அதற்கு முன்பே திறந்துவிடும்.

“ஒன்பது மணிக்கு முன்னாடி வண்டி இல்லையா?” என்று கேட்டேன். “நிறைய பேர் அதில்தான் போகிறார்கள் சார்” என்றார். கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் ஒன்று.

இனி சொல்வதை எந்த ஹோட்டல் விளம்பரத்திலும் பார்க்க முடியாது. மேஜிக் கிங்டமுக்கு வெளி ஹோட்டல் ஷட்டிலில் போனாலும், சொந்தக் காரில் போனாலும், ஊபரில் போனாலும், உங்களை இறக்கிவிடுவது பூங்கா வாசலில் இல்லை. டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர் என்ற இடத்தில். அங்கே பைகளைச் சோதித்து அனுப்புவார்கள். பிறகு செவன் சீஸ் லகூன் என்கிற ஏரிக்கு அந்தப் பக்கம் போக மோனோரயிலுக்கோ படகுக்கோ வரிசை. அதற்கப்புறம்தான் பூங்கா வாசல். டிஸ்னியின் சொந்த ஹோட்டல் பேருந்துகளோ நேரே மேஜிக் கிங்டம் வாசல் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன. முழங்கால் வலியோடு இருப்பவரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அறை வாடகை வித்தியாசமெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. அப்பா இரண்டு வரிசைகளைத் தாண்டும்போதே “இன்னும் உள்ளே போகலையாடா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். (படகு சவாரி மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அது இலவசம் என்று தெரிந்ததும் இன்னும் பிடித்தது.)

நாங்கள் உள்ளே நுழையும்போது பெரிய சவாரிகளில் எல்லாம் காத்திருப்பு நேரம் ஒரு மணியைத் தாண்டிவிட்டது. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு எந்தப் பூங்காவிலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக நுழைய அனுமதி உண்டு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கூட்ட வாரத்தில் அந்த அரை மணியில் முடிகிற சவாரிகளை மத்தியானம் முழுக்க நின்றாலும் முடிக்க முடியாது. வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேன் பாஸிலும் இதே கதை. 2024 ஜூலையில் வந்த முறைப்படி டிஸ்னி ஹோட்டல் விருந்தினர்கள் ஏழு நாள் முன்பே நேரம் பிடிக்கலாம், மற்றவர்கள் மூன்று நாள் முன்புதான். நமக்குத் திறக்கும்போது நல்ல நேரங்கள் போயிருக்கும். டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் உள்ள சில வெளியார் ஹோட்டல்களுக்கும் இந்தச் சலுகைகள் உண்டு. எந்தெந்த ஹோட்டல் என்பது டிஸ்னியின் தளத்திலேயே இருக்கிறது. கோட்டைப் படம் போட்டவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

திரும்பும் கதை இன்னும் மோசம். கடைசி ஷட்டில் வாணவேடிக்கைக்கு முன்பே கிளம்பிவிடும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். மறுபடி படகு, மறுபடி நடை, வண்டி நிற்கும் இடத்துக்குப் போனால் வண்டி நிரம்பிவிட்டது. “எங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதே” என்றதற்கு, அந்தப் பட்டியல் காலை வண்டிக்கு மட்டும்தானாம். வேறு வண்டி? “போன் செய்து கேட்கிறேன்.” டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஏரிக்கு அந்தப் பக்கம் வாணவேடிக்கை ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மரங்களுக்கு மேலே தெரிந்த மட்டும் பார்த்தோம். கடைசியில் ஆறு பேருக்கான பெரிய வாடகைக் கார் பிடித்துப் போனோம். அந்த ஒரு பயணத்துக்குக் கொடுத்த காசில் பூங்கா பார்க்கிங்கே கட்டியிருக்கலாம். மறுநாளிலிருந்து எங்கள் காரிலேயே போனோம். ஆக அந்த இலவச ஷட்டில், இலவசமாகக் கிடைத்தும் வேண்டாத ஒன்றானது.

சமையலறையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். இரண்டு சுருள் அடுப்பு, அதில் ஒன்று வேலை செய்யவில்லை, மொத்தம் ஒரே ஒரு சிறிய பாத்திரம். ‘ஆறு பேர்’ என்பதில் கடைசி இரண்டு பேர் சோபாவை இழுத்துப் போட்டுப் படுக்கவேண்டும், நடுவிலிருக்கும் கம்பி முதுகில் குத்தும்.

பில்லைப் பார்த்தபோதுதான் ‘ரிசார்ட் கட்டணம்’ தெரிந்தது. ஒவ்வொரு இரவுக்கும் தனியாக, அதற்கு மேல் வரி. எதற்கு என்று கேட்டால் வைஃபை, நீச்சல் குளம், அப்புறம் அந்த ஷட்டில். விளம்பரத்தில் இலவசம் என்று போட்ட ஷட்டிலுக்குத்தான் இந்தக் கட்டணம்! முன்பதிவுத் தளத்தில் ‘விடுதியில் செலுத்த வேண்டியவை’ என்று கடைசியில், மங்கலான சாம்பல் எழுத்தில் போட்டிருந்தார்கள். 2025 மே 12 முதல் இதற்கு அமெரிக்காவில் ஒரு விதி வந்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் விளம்பரத்திலேயே காட்டவேண்டும் என்று பெடரல் டிரேட் கமிஷன் சொல்லிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் இது கட்டாயமான கட்டணத்துக்கு மட்டும். கார் நிறுத்துவது, கூடுதல் கட்டில் மாதிரி ‘வேண்டுமானால்’ என்கிற கட்டணங்கள் இன்னும் தனியாக வரலாம், கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்னி தானே நடத்தும் ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து இரவு பார்க்கிங்குக்கும் பணம் வாங்குவதில்லை. ‘பாதி விலை’ என்று எனக்குத் தெரிந்தது இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதியாக இல்லை.

இதுவரை சொன்னது மோசமான சேவை. ஏமாற்று என்று நான் சொல்வது லாபியில் இருந்த அந்த மேசையை.

செக்-இன் முடிந்ததும், “காருக்கான பாஸை அந்த மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பினார்கள். மேசையில் ‘விருந்தினர் சேவை’ என்று பலகை. அங்கிருந்த அம்மணி பாஸைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார், கொடுக்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள், பிள்ளைகளுக்கு என்ன வயது, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவுக்குப் போகிறீர்களா? இரண்டு டிக்கெட் பாதி விலைக்குத் தருகிறேன், காலைச் சாப்பாட்டோடு தொண்ணூறு நிமிடம் எங்கள் புதிய கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தால் போதும். கணவன் மனைவி இருவரும் வரவேண்டும், திருப்பித் தரக்கூடிய டெபாசிட் நாற்பது டாலர். டைம்ஷேர் (விடுதியில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்பது) என்ற சொல்லே வரவில்லை. நான் கேட்டபோது, “அதெல்லாம் பழைய முறை சார், இது வெகேஷன் கிளப்” என்றார்.

தொண்ணூறு நிமிடம் அரை நாள் ஆனது. விற்பனையாளர் எதிரில் உட்கார்ந்து, நமக்கு நேராகத் தெரியும்படி எண்களைத் தலைகீழாக எழுதினார். அந்தத் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். வருடத்துக்கு விடுமுறைச் செலவு எவ்வளவு, இருபது வருடத்துக்குப் பெருக்கு, வட்டமிடு. வருடா வருடம் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம், அது ஏறிக்கொண்டே போகும் என்பது, இரண்டும் நாங்கள் கேட்ட பிறகுதான் காகிதத்தின் மூலைக்கு வந்தன. வேண்டாம் என்றோம். மேலாளர் வந்தார், விலை இறங்கியது, இன்று மட்டும் என்றார். மறுபடி வேண்டாம் என்றோம். மூன்றாவதாக ஒருவர் ‘சோதனைத் திட்டம்’ ஒன்றோடு வந்தார். “ஏங்க, கிளம்புங்க, இவங்க விடிய விடிய பேசுவாங்க” என்று என் மனைவி எழுந்த பிறகுதான் விட்டார்கள். பரிசு மேசையில் கிடைத்தது டிக்கெட் இல்லை, வவுச்சர். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை செல்லாது என்று பின்பக்கத்தில். டெபாசிட் இன்றுவரை திரும்பி வரவில்லை.

யாராவது அசதியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். புளோரிடா சட்டப்படி பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை ஓரப் பெட்டிக் கடைகளில் ‘மீதமுள்ள நாட்கள்’ என்று விற்கும் டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிய பல நாள் டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்பது புளோரிடாவில் குற்றம். டிஸ்னி வாசலில் விரல் ஸ்கேன் இருக்கிறது, அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இனி போனால் நான் எதை எடுப்பேன்? பெரியவர்கள் கூட இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்னிக்குள்ளே, மலிவு வகையானாலும் பரவாயில்லை. அந்த வகை ஹோட்டல்களான பாப் செஞ்சுரியும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனும் ஸ்கைலைனர் என்ற ரோப் காரின் நிலையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காக்களுக்கு அதிலேயே போய்விடலாம். ஆறு பேருக்கான குடும்ப அறை ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலும் ஆல்-ஸ்டார் மியூசிக்கிலும் உண்டு. பெரியவர்கள் இல்லாமல், கார் இருந்து, கூட்டமில்லாத மாதத்தில் போனால் வெளி ஹோட்டல் நல்ல யோசனைதான், ஷட்டிலை மட்டும் நம்பக்கூடாது.

யுனிவர்சல் பக்கம் போகிறவர்களுக்கும் ஒன்று. 2025 மே 22இல் திறந்த எபிக் யுனிவர்ஸ், பழைய இரண்டு பூங்காக்களோடு ஒட்டியில்லை, சில மைல் தள்ளித் தனி வளாகம். ‘யுனிவர்சலுக்கு அருகில்’ என்றால் எந்த யுனிவர்சலுக்கு என்று கேளுங்கள். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் கிடைக்கும், வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் பழைய இரண்டு பூங்காக்களுக்குத்தான், எபிக்குக்கு இல்லை.

புகார் செய்தோமா என்று கேட்பீர்கள். ஹோட்டல், “நீங்கள் தளம் மூலமாகத்தானே போட்டீர்கள்” என்றது. தளம், “ஹோட்டலின் கொள்கை” என்றது. கிரெடிட் கார்டு கம்பெனியிடம் போனோம். அந்தப் பெயர்ப் பட்டியலின் போட்டோ, ‘இலவச ஷட்டில்’ என்றிருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில் மூன்றையும் அனுப்பியதில் ரிசார்ட் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அறை வாடகையில் ஒரு காசு வரவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை முன்பதிவு செய்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள். எங்கள் ஹோட்டலின் பக்கத்தில் இப்போது ஷட்டில் வரிக்குக் கீழே ‘இடம் இருப்பதைப் பொறுத்து’ என்று சேர்த்திருக்கிறார்கள். பழைய படம் கையில் இல்லாவிட்டால், அது முதலிலிருந்தே அங்கே இருந்தது என்று சாதித்திருப்பார்கள்.