கொங்கண் மழையில் ஆறு ஜூலை

மும்பை செம்பூரிலிருந்து மகாராஷ்டிராவின் கொங்கண் கடலோரமாகத் தெற்கே போவது ஆறு ஆண்டுகளாக எங்கள் ஜூலை வழக்கம். நான்கு நாள், பழைய சிறிய பெட்ரோல் கார், நானும் மனைவியும் அம்மாவும்.

தேசிய நெடுஞ்சாலை 66 வழியே போனால் ரத்னகிரியை விரைவில் அடையலாம், ஆனால் கடல் கண்ணில் படாது. நாங்கள் ஃபெர்ரி வழியைத்தான் பிடிப்போம். அகர்தாண்டாவிலிருந்து திகி, பாக்மாண்ட்லாவிலிருந்து வேஷ்வி, தாபோளிலிருந்து தோபாவே, தவ்சாளிலிருந்து ஜய்கட் என்று நான்கு கழிமுகங்களைக் காரோடு கடக்க வேண்டும். தாபோளில் வாசிஷ்டி ஆறு செம்மண் நிறத்தில் அகன்று ஓடும். இன்ஜினை அணைத்துவிட்டுத் தளத்தில் நின்று அதைப் பார்க்கும் சில நிமிடங்களுக்காகவே முழுப் பயணமும் தகும்.

மூன்றாம் ஆண்டு கேள்ஷி அருகே, மண் வழிந்திருந்த வளைவில் கார் வழுக்கிப் புதரில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. “பட்டன் இன்னும் இருக்கிறது, ஒரு மழை தாங்கும்” என்ற டயர்க்கடைக்காரரின் பேச்சை நம்பியிருந்தேன். பட்டன் என்பது தரையைத் தொடும் டயரின் வரிப்பள்ளம். அதன் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தேயத் தேய, தண்ணீரை ஒதுக்கித் தரையைப் பிடிக்கும் பலம் அதற்கு முன்பே குறைந்துவிடுகிறது. இப்போது 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். வெயிலில் ரப்பர் இறுகிப்போவதால் வைப்பர் பிளேடுக்கும் ஒவ்வொரு மே மாதமும் புதுசுதான். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துப் பயனில்லை. ஏசியைப் போட்டு வெளிக்காற்றை உள்ளே விட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். ஊர் திரும்பியதும் காரின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவச் சொல்வேன். உப்புக்காற்று இரும்பை விடாது.

கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிரா கோட்டையைக் கரையிலிருந்து பார்ப்பதோடு சரி, மழைக்காலத்தில் படகு கிடையாது. கணபதிபுலே கடலில் காலைக்கூட நனைக்காதீர்கள். இழுப்பு பயங்கரமாக இருக்கும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் புது மீனை எதிர்பார்த்தும் போகக் கூடாது.

அலை மிகுந்தால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள், கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு தவ்சாளில் அப்படி நின்றுபோய், குஹாகருக்குத் திரும்பி ஒரு வீட்டில் தங்கினோம். இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி மாவு ரொட்டியான பாக்ரியும், குளித் பிட்லே என்ற கெட்டிக் குழம்பும் வந்தன. ஒரு வாய் வைத்ததுமே அம்மா, “இது நம் கொள்ளுதானே!” என்றார். முப்பது ஆண்டுகளாகச் செம்பூர்ச் சந்தையில் பேசிப் பழகிய மராத்தியில் அந்த வீட்டு அம்மாளிடம் பக்குவம் கேட்டு, ஃபெர்ரி டிக்கெட்டின் பின்புறம் தமிழில் எழுதிக்கொண்டார்.