72 டெஸ்ட் பேக்கேஜ்: எண்ணிப் பார்த்தவன் எழுதுவது

மின்வாரியத்தில் 31 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கூட்டல் சரியா என்று பார்க்கும் புத்தி ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில், 1,499 ரூபாய்க்கு 72 டெஸ்ட் என்று மகள் பதிவு செய்து கொடுத்தாள். லேபின் பெயர் வேண்டாம்.

6.30க்கு வருவதாகச் சொன்ன பையன் 6.40க்கு வந்துவிட்டான். இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், காலையில் காபி குடித்தேனா என்றெல்லாம் பொறுப்பாகக் கேட்டான். இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை. வலது கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, "மூடித் திறங்க சார், மூடித் திறங்க" என்றான். சிரிஞ்சில் இழுத்த ரத்தத்தை ஊசியைக் கழற்றாமலே அழுத்திக் குழாய்களில் பாய்ச்சினான். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி, ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் ஐந்து வீடு இருக்கிறது என்று வண்டியை எடுத்தான்.

மாலை வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் 6.1, சிவப்பு எழுத்தில். இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. இவ்வளவு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்று மகள் போனில் பதறினாள். "என்னங்க, பொட்டாசியம் நிறைய இருக்கிற அந்த இளநீரை முதல்ல நிறுத்துங்க" என்றாள் மனைவி.

எங்கள் தெரு டாக்டர் ஈசிஜி எடுத்தார், சரியாக இருந்தது. பிறகு ரிப்போர்ட்டில் மூன்று வரிகளை மட்டும் பார்த்தார். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, சரி. கல்லீரல் வரிகளில் எஸ்ஜிபிடி 24, அதுவும் சரி. எஸ்ஜிஓடி மட்டும் ஏறி 58. "உங்க கிட்னி நல்லா இருக்கு சார். குழாய்க்குள்ள ரத்தம் உடைஞ்சிருக்கு" என்றார். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாம். எஸ்ஜிஓடியும் அதற்குள் உண்டு. ஊசி வழியாக வேகமாகத் தள்ளினால் அணு உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும். கையை மூடித் திறந்தாலும், அணுக்களைப் பிரித்தெடுக்காமல் குழாயை வெகுநேரம் வைத்திருந்தாலும் பொட்டாசியம் ஏறித் தெரியும். அன்றே ஒரு ஆஸ்பத்திரி லேபில் நிதானமாக எடுத்துப் பார்த்தோம். 4.3.

என் கோபம் பையன் மேல் இல்லை. உடைந்த ரத்தத்தின் தெளிநீர் சிவந்துதான் இருக்கும், லேபில் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'மாதிரி கெட்டிருக்கிறது, மறுபடி எடுக்கவும்' என்று ஒரு வரி போடக்கூடாதா? கேட்டதற்கு, "ரேஞ்ச் தாண்டினா தானா சிவப்பு வந்துடும் சார்" என்று பதில். மறுபடி இலவசமாக எடுக்கிறோம் என்றார்கள், அது இரண்டு நாள் கழித்து.

சரி, 72க்கு வருவோம். உட்கார்ந்து எண்ணினேன். மொத்தப் புரதம் 7.4, ஆல்புமின் 4.3. அதைக் கழித்தால் குளோபுலின் 3.1, அது ஒரு 'டெஸ்ட்'. இரண்டையும் வகுத்தால் வரும் விகிதம் இன்னொன்று. யூரியாவை 2.14ஆல் வகுத்து ஒன்று. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லையும் அளக்கவே இல்லை. மொத்தக் கொழுப்பு 212, அதில் நல்ல கொழுப்பான எச்டிஎல் 38ஐயும் ட்ரைகிளிசரைடு 190இல் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து 136 என்று போட்டிருக்கிறார்கள். கணக்கு சரி, ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டாதவரை. ஊதா மூடிக் குழாய் ஒன்றிலேயே இருபதுக்கு மேல் வரிகள். இப்படி வரிகள் கூடக் கூடச் சிவப்பும் கூடும். நார்மல் வரம்பு என்பதே பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும்படி போட்ட கோடுதான், மீதி ஐந்து பேருக்கு நோய் இல்லாமலே சிவப்பு விழும்.

எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே வரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, பார்த்தால் குறை இல்லை. ஆனால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி, 6.5ஐத் தொட்டாலே வீட்டுக்குள். சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அது அளக்கிறது; அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. டாக்டர் அந்த வரிக்குத்தான் வட்டம் போட்டார்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன், அரை அந்தப் பையனுக்கு. மூன்று மாதம் கழித்து நேரில் போய், டாக்டர் எழுதிய இரண்டு டெஸ்ட் மட்டும் எடுக்கப் போகிறேன். இளநீர் மறுபடி வாங்க ஆரம்பித்தாயிற்று.